அவன் கால் அசைந்தது

அவன் கால் அசைந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். மருத்துவமனையில் கேட்டபோது, அசையவில்லை என்று சொன்னேன்.

இவ்வளவுதான். சொல்லிவிட்டேன்! நான்கு ஆண்டுகளாகத் தொண்டைக்குள் வைத்திருந்தது, எழுதினால் இரண்டு வரிகூட வரவில்லை...

உங்களிடம் முதலிலேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரக்கப்படாதீர்கள். 'பாவம், பதற்றத்தில் ஏதோ செய்துவிட்டாள்' என்று நீங்கள் நினைக்கத் தொடங்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பதற்றமெல்லாம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. எரிச்சலில் ஒருவனுடைய உடம்பைக் கெடுத்தேன்; பிறகு நிதானமாக, யோசித்து, அந்தப் பழியை இன்னொருவன் தலையில் வைத்தேன். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அல்லது சொல்லாதீர்கள்... உங்கள் தீர்ப்பால் யாருக்கு என்ன ஆகப்போகிறது?

என் பெயர் ஜெசிந்தா. பிசியோதெரபிஸ்ட். விவேக் நகரில் குடியிருக்கிறேன், கோரமங்களாவில் ஒரு கிளினிக்கில் வேலை. கணினி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து இறுகிப்போனவர்களின் கழுத்தைச் சரிசெய்வது என் பிழைப்பு. ஆம், கழுத்து! சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலை சலித்துப்போயிருந்த நாளில்தான் பெங்களூரில் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் ஒன்று தொடங்கினார்கள். காலால் உதைக்கும் பந்தாட்டம் அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிரணியினர் பாய்ந்து மோதி அவனை வீழ்த்துவார்கள். தலையில் ஹெல்மெட், முகத்துக்கு முன்னால் கம்பி, தோளின்மேல் மெத்தைபோல் தடித்த கவசம். யாரோ பணக்காரர்களுக்கு வந்த ஆசை! சர்ஜாபூர் சாலைக்கு உள்ளே ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து, கடல்கடந்து வந்த பழைய கவசங்களை மாட்டிவிட்டு, கபடி ஆடியவர்களையும் ரக்பி ஆடியவர்களையும் ஜிம்மில் உடம்பு வளர்த்தவர்களையும் மாதச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். ஓர் அணிக்கு நான் பிசியோ.

வேலைக்குச் சேரும்முன் மாதக்கணக்கில் அமெரிக்க ஆட்டங்களின் காணொளிகளைப் பார்த்தேன். ஆட்டத்தை அல்ல, அடிகளை. முழங்கால் பின்பக்கமாக மடங்கியவர்கள், மோதிய இடத்திலேயே கைகள் விறைத்து நின்றுபோனவர்கள், எழுந்திருக்காதவர்கள்... பார்த்துப் பார்த்து எழுதி வைத்தேன். நான் சோம்பேறி அல்ல. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் செய்தவள் அல்ல நான்!

அணியில் இருந்த நாற்பது பேரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்ததே நான்தான். "கழுத்துல அடிபட்டவனோட ஹெல்மெட்ட யாரும் தொடக் கூடாது. தோள்ல கவசம் இருக்குது இல்ல? அது முதுகைத் தூக்கி நிறுத்துது. ஹெல்மெட் தலையைத் தூக்கி நிறுத்துது. ரெண்டும் சமமா இருக்கிற வரைக்கும் கழுத்து நேரா இருக்கும். ஹெல்மெட்ட மட்டும் எடுத்தா தலை பின்னால சரிஞ்சுடும். எடுத்தா ரெண்டையும் எடுக்கணும், இல்ல ரெண்டையும் விட்டுடணும். அதுவும் ஆஸ்பத்திரியில."

"மூச்சு விட முடியலைன்னா?" என்று கேட்டேன்.

"முன்னாடி இருக்கற கம்பிய மட்டும் கழட்டணும்க்கா. ஸ்க்ரூ இருக்குது!" என்று முதல் வரிசையிலிருந்து பதில் சொன்னவன் தினகரன்.

தினகரன்... எல்லோருக்கும் தினா. ஸ்ரீராம்புரத்துப் பையன், இருபத்தாறு வயது. அப்பா மாநகராட்சியில் துப்புரவுப் பணியாளர். அம்மா நான்கு வீடுகளில் வேலை பார்த்தாள். தினா பந்தை வாங்கிக்கொண்டு ஓடினால் மூன்று பேர் சேர்ந்துதான் பிடித்து நிறுத்த முடியும். கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி ரேவதி பீணியா பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. வாயை மூடத் தெரியாதவன் தினா. ஓடும்போது பேசுவான், தண்ணீர் குடிக்கும்போது பேசுவான், நான் அவன் தொடையை நீவிவிடும்போது அந்தத் தொடையைப் பற்றியே பேசுவான்.

இன்னொருவன் மஞ்சுநாத். நெலமங்களாவில் வீடு, கன்னடக்காரன். தினாவோடு பழகிப் பழகியே தமிழ் கற்றுக்கொண்டவன். அணியிலேயே பலமாக மோதுகிறவன் அவன்தான்; மோதி வீழ்த்தியவனை முதலில் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறவனும் அவன்தான். அந்த ஆண்டு அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அணியே இரண்டாகப் பிரிந்து ஆடும் பயிற்சி ஆட்டம். காலையிலேயே எனக்கும் மேலாளருக்கும் வாக்குவாதம். ஆம்புலன்ஸ் இல்லை, அடிபட்டவரைக் கிடத்தும் பலகை இல்லை.

"அதெல்லாம் மேட்ச் அன்னைக்குத்தான் மேடம். பிராக்டீஸுக்கு எதுக்கு?" என்றார் அவர்.

"அடிக்குத் தெரியுமா சார், இது பிராக்டீஸ்னு?" என்று கேட்டேன்.

புத்திசாலித்தனமான கேள்வி, இல்லையா? கேட்டுவிட்டு, பயிற்சி நடத்தலாம் என்ற தாளில் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் இதே சண்டை, இதே பதில்... எனக்கு அலுத்துவிட்டது. அந்த எரிச்சலில் என் பெட்டியைக்கூடச் சரிபார்க்கவில்லை. முகக்கம்பியைக் கழற்றும் ஸ்க்ரூடிரைவர் விவேக் நகரில், என் சமையலறை அலமாரியின் மேலே இருந்தது. குக்கர் கைப்பிடியை முடுக்க முந்தின நாள் எடுத்தது.

பதினோரு மணி இருக்கும். தினா பந்தோடு வந்தான். மஞ்சு எதிரே வந்தான். நியாயமான மோதல், அதில் தவறே இல்லை. கடைசி நொடியில் தினா தலையைத் தாழ்த்திவிட்டான். ஹெல்மெட்டின் உச்சி போய் மஞ்சுவின் நெஞ்சில் இடித்தது. மட்டையால் மூட்டையை அடித்ததுபோல் ஒரு சத்தம்... தினா விழுந்தான். மஞ்சு எழுந்து, வழக்கம்போல் கையை நீட்டினான். தினா அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

நான் ஓடினேன். எல்லோரையும் விலகச் சொல்லிக் கத்தினேன். ஒருவனை விட்டுத் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் செய்தேன். தினாவின் வலது ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, உள்ளங்காலில் நகத்தால் கீறினேன்.

கட்டைவிரல் மடங்கியது. பிறகு ஐந்து விரலும். "கூசுதுக்கா..." என்றான்.

பார்த்தீர்களா? எல்லாம் சரியாகத்தான் செய்தேன்! அதுவரை ஒரு பிழையும் இல்லை. மற்றவர்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். விரல் மடங்கியதை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தலையைப் பிடித்திருந்தவன் ஹெல்மெட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை; அவனுக்குத் தமிழும் தெரியாது. தினா முனகியது வேறு யார் காதிலும் விழவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். வருகிறது, வருகிறது என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. மைதானத்துக்குத் தண்ணீர் கேன் கொண்டுவரும் வேனில் ஏற்றிவிடலாம் என்றார் மேலாளர். நானும் சரி என்றேன். மடக்கு மேசையின் பலகையைக் கழற்றி, அதன்மேல் தினாவைக் கிடத்தி, ஆறு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினோம். பின்னால் நான் ஒருத்தி மட்டும் உட்கார இடமிருந்தது. மஞ்சு தன் பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போனான், வழியை விலக்கிக்கொடுக்க.

அகரா சந்திப்பில் வேன் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. முன்னால் மஞ்சு பைக்கை நடுரோட்டில் போட்டுவிட்டு, காருக்குக் கார் போய்க் கண்ணாடியைத் தட்டி, கும்பிட்டு, கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் கெஞ்சிக்கொண்டிருந்தது கேட்டது. ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. என் தொடையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, மேலாளர்தான். நான் இரண்டு கைகளாலும் தினாவின் தலையைப் பிடித்திருந்தேன்.

தினா பேசிக்கொண்டே வந்தான்.

"அக்கா, ஹெல்மெட்ட கழட்டுக்கா. வெந்து சாவறேன்."

"கூடாது தினா. பேசாம இரு."

"ஸ்வல்ப கழட்டி மாட்டிடுக்கா. காத்தே வரல. அக்கா, அந்த தண்ணி கேனு கால்ல வந்து வந்து இடிக்குது பாரு. தள்ளுக்கா."

"பேசாம இருன்னு சொல்றேன்ல?"

"ரேவதி வூட்ல விருந்துக்குக் கூப்பிட்டுகிறாங்க. ரெண்டு மணிக்குப் போலன்னா அவ என்னைக் கொன்னுடுவா. கழட்டுக்கா... ஒரே ஒரு நிமிசம்க்கா..."

எத்தனை முறை கேட்டானோ, தெரியாது. எத்தனை முறை கூடாது என்றேனோ, அதுவும் தெரியாது. அவனுக்கு மூச்சு நன்றாகவே வந்தது. மூச்சு வராதவன் இவ்வளவு பேசுவானா? எனக்குத் தெரியும்! ஹாரன், போன், வெயில், காலையில் தோற்ற வாக்குவாதம், வீட்டில் கிடந்த ஸ்க்ரூடிரைவர், இந்த ஓயாத வாய்... ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் இவன் பேசாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

"சரி, தொலை!" என்றேன்.

தாடைப் பட்டையை அவிழ்த்தேன். காதுப் பக்கம் இரண்டு கையையும் விட்டு அகட்டி, ஹெல்மெட்டை உருவினேன். இருவர் செய்ய வேண்டிய வேலை அது. ஒருவர் கழுத்தைத் தாங்க வேண்டும். கழுத்தை யார் தாங்கினார்கள்? யாரும் இல்லை.

தலை பின்னால் சரிந்தது. தோள் கவசம் தூக்கிப் பிடித்த உடம்பிலிருந்து, ஒரு சாண் கீழே இருந்த பலகைக்கு... வகுப்பில் நான் கையால் செய்து காட்டினேனே, அப்படியே.

"அப்பாடா..." என்றான் தினா. "தேங்க்ஸ்க்கா."

அவன் எனக்கு நன்றி சொன்னான்! நான் அவசரமாகத் தலையைத் தூக்கி, என் துப்பட்டாவை மடித்து அடியில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். வண்டி நகர்ந்தது; மஞ்சு நடுரோட்டில் போட்ட பைக்கை எடுப்பதற்குள் அவனைத் தாண்டி வந்துவிட்டோம். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அந்தத் தண்ணீர் கேன் உருண்டுபோய் அவனுடைய வெறுங்காலில் ஓங்கி மோதியது. கால் தானாக ஆடி நின்றது.

தினா ஒன்றும் சொல்லவில்லை. விருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

என் கையை நீட்டி அவன் தொடையைக் கிள்ளினேன். பேசிக்கொண்டே இருந்தான்.

அவசரப் பிரிவில், தினாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனபிறகு, ஓர் இளம் மருத்துவர் படிவத்தோடு வந்தார். அடிபட்ட இடத்தில் கால்களில் அசைவு இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். 'நோ' என்றேன். ஹெல்மெட்? மைதானத்திலேயே கழன்றுவிட்டது என்றேன். எழுதிக்கொண்டார். தமிழில் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ? இல்லை. சொல்லியிருக்க மாட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு தேடும் இந்தப் புத்தியை என்ன செய்வது!

பிறகு அணியினர் வந்தார்கள். ஹெல்மெட் எங்கே என்று ஒருவன் கேட்டான். மருத்துவமனை ஆட்கள் வாசலிலேயே கழற்றிவிட்டார்கள் என்றேன். மருத்துவமனைக்கு ஒரு பொய், அணிக்கு ஒரு பொய். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்? ஹெல்மெட்டைத் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் பாடம் நடத்தியவளை யார் சந்தேகப்படுவார்கள்?

மஞ்சு சுவரோரம் குந்தியிருந்தான். ஜெர்சியெல்லாம் புழுதி. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"அக்கா, கிரவுண்ட்லயே கால் ஆடலியா?"

"இல்ல மஞ்சு."

இரண்டே சொல். நான் வாழ்நாளில் பேசியவற்றில் மிக மோசமான இரண்டு சொற்கள்.

அப்போதுதான் தினாவின் அம்மா வந்தாள். யார் மோதியது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நேராக வந்து மஞ்சுவின் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. நான் மூன்றடி தூரத்தில், அவளுக்காக வாங்கிய காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. தினா பிழைத்தான். மார்புக்குக் கீழே உணர்வில்லை. கைகளைத் தூக்குவான், விரல்கள் மடங்காது. அடிபட்ட நாளில் நடந்த எதுவுமே அவனுக்கு நினைவில்லை. விருந்துகூட நினைவில்லை.

கழுத்தினுள் வீக்கம் ஏறி, ஹெல்மெட்டைத் தொடாமலே இருந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். அப்படி ஆவதுண்டு, நூல்களில் படித்திருக்கிறேன். இது எனக்கு ஆறுதலா? அடடா, பெரிய ஆறுதல்! யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் மஞ்சு மட்டும் உறுதியாக நம்பிக்கொண்டிருக்கிறானே... அந்த உறுதியைக் கொடுத்தவள் நான் அல்லவா?

லீக் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. மேலாளர் துபாய்க்குப் போய்விட்டார். ஸ்ரீராம்புரத்தில் தினாவின் வீடு ஒரு சந்துக்குள், முதல் மாடியில். சக்கர நாற்காலி படியேறாது. மஞ்சு தனக்கு நிச்சயித்திருந்த பெண்ணின் வீட்டாரிடம் போய்க் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நெலமங்களாவிலிருந்து வந்து தினாவின் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அறை எடுத்தான். காலை ஆறு மணிக்கு வந்து தினாவைப் புரட்டிப் படுக்கவைத்து, குளிப்பாட்டி, உடை மாற்றி, முதுகில் சுமந்து கீழே இறக்கி வெயில் காட்டிவிட்டு, மறுபடி மேலே சுமந்து கிடத்திவிட்டுத்தான் வேலைக்குப் போவான். முதல் ஓராண்டு தினாவின் அம்மா அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வெளிக்குழாயில் குடித்துக்கொண்டான்.

எனக்கோ சாப்பாடு! திங்கள் தோறும் நான் கிளினிக்குக்குப் போகும்முன் தினாவுக்குப் பயிற்சி கொடுக்கப் போவேன். ரேவதி என்னை உட்காரவைத்து, எல்லோருக்கும் முன்னால் தட்டு வைப்பாள். அக்கம்பக்கத்தார் வந்தால், "இந்த அக்கா மட்டும் கூட இல்லேன்னா அவரு உசுரோடவே ஆஸ்பத்திரி போய் சேந்திருக்க மாட்டாரு" என்பாள். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாள்.

எனக்குக் கோபம் கோபமாக வரும். வாயை மூடு பெண்ணே என்று கத்த வேண்டும்போல் இருக்கும்! தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் சாப்பிட்டேன். புடவையையும் கட்டினேன்.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பேன். என் முறை வந்ததும், அக்காவோடு சண்டை போட்டேன், வேலைக்காரப் பெண்ணைத் திட்டினேன், ஒரு வெள்ளிக்கிழமை இறைச்சி தின்றேன் என்று சில்லறைப் பாவங்களாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இதைச் சொன்னால் குருவானவர் மன்னித்துவிடுவார். அதுதான் பயம். யாருடைய பாவத்தை யார் மன்னிப்பது? மாடிப்படியில் ஒருவனைச் சுமந்துகொண்டிருப்பவன் இருக்க, கோயிலில் உட்கார்ந்து எனக்கு மன்னிப்பா!

இப்போது சொல்லப்போவதுதான் இருப்பதிலேயே அசிங்கம். இதுவரை சொன்னதற்காவது எரிச்சல், வெயில் என்று ஏதாவது உண்டு.

சென்ற குளிர்காலத்தில் ஒரு திங்கள் காலை. அமெரிக்காவில் ஞாயிறு இரவு நடக்கும் ஆட்டம் இங்கே விடிந்தபிறகு வரும். தினா ஒன்றைக்கூட விடமாட்டான். தாங்கியில் போனைப் பொருத்தி அவன் முகத்துக்கு நேரே வைத்திருப்பார்கள். நான் அவன் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தேன். மஞ்சு பக்கெட்டில் துணி அலசிக்கொண்டிருந்தான். ரேவதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒருவன் விழுந்தான். எழவில்லை. இரண்டு அணியும் சுற்றி முழங்காலிட்டது. மைதானம் முழுக்க அத்தனை பேர், ஒரு சத்தமில்லை. பத்துப் பன்னிரண்டு மருத்துவ ஆட்கள். ஒருவன் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். இன்னொருவன் முகக்கம்பியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினான்.

"பாருக்கா, ஹெல்மெட்ட தொடவே இல்ல. நீ அன்னைக்குக் கிளாஸ்ல சொன்னியே, அதே மாதிரி!" என்றான் தினா. உற்சாகமாகத்தான் சொன்னான். பிறகு சும்மா கேட்பதுபோல் கேட்டான். "ஏன்க்கா, என்னுது யாரு கழட்டுனது?"

"ஆஸ்பத்திரி ஆளுங்க."

"கவசத்தையும் சேத்து எடுத்தாங்களா?"

நான் அவன் முழங்காலை இன்னொரு முறை மடக்கினேன். பக்கெட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மஞ்சு ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா... அவங்க தப்பா கழட்டியிருந்தா... அதனாலகூட ஆகியிருக்குமா?" என்றான். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நான் இடிச்சதுல மட்டும் இல்லாம?"

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் நான் பார்த்திராத ஒன்று அதில் இருந்தது. ஆசை. வெறும் ஆசை. ஆமாம் மஞ்சு, ஆகியிருக்கும் என்று நான் சொல்லியிருந்தால் போதும். யார் பெயரும் சொல்ல வேண்டியதில்லை!

ஆனால் ரேவதி குறுக்கே புகுந்தாள். "அப்டின்னா அந்த ஆஸ்பத்திரிய சும்மா வுடக் கூடாது. பேப்பரெல்லாம் பொட்டியிலதான் கீது. யார்னா வக்கீல பாக்கலாமாக்கா?"

பேப்பர்! அந்தத் தாளில் ஹெல்மெட் மைதானத்திலேயே கழன்றுவிட்டது என்று என் வாக்குமூலம் இருக்கிறது. யாராவது எடுத்துப் படித்தால், இரண்டு பொய்யும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நிற்கும்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல ரேவதி," என்றேன். மஞ்சுவைப் பார்த்துச் சொன்னேன். "கிரவுண்ட்லயே நான் செக் பண்ணேன். அடிபட்டப்பவே கால் போயிடுச்சு. ஹெல்மெட்டால எல்லாம் இல்ல."

மஞ்சு தலையாட்டினான். "ஆமா, ஆமா. சும்மா கேட்டேன்க்கா," என்றான். திரும்பிப் போய்த் துணியைப் பிழிந்தான்.

முதல்முறை பொய் சொன்னபோது பயந்திருந்தேன். இரண்டாம் முறை? பயமில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். தூங்கினேன். தின்றேன். ஆனால் அந்த ஆசை முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, தினாவின் வீட்டிலிருந்து இறங்கியவள், சந்து முனையில் மஞ்சுவை நிறுத்தினேன். அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

"மஞ்சு, கிரவுண்ட்ல தினா கால் அசைஞ்சுது. நான் பாத்தேன். வேன்ல ஹெல்மெட்ட கழட்டுனது நான். அதுக்கப்புறம்தான் கால் போச்சு."

சொல்லிவிட்டேன்! திட்டுவான், அடிப்பான், மாடிக்கு ஓடிப்போய்க் கத்துவான்... எதற்கும் தயாராக நின்றேன்.

மஞ்சு பைக்கை அணைத்தான். என்னையே பார்த்தான். அவன் கண் கலங்கியது.

"அய்யோ தேவரே, கடவுளே... அக்கா, அன்னைக்கு நான் கேட்டது உங்க மனசுல அப்பிடியே நின்னுடுச்சா? எனக்கோஸ்கரம் உங்க மேலயே பழி போட்டுக்குறீங்களே."

"இல்ல மஞ்சு, நிஜமாவே..."

"கிளாஸ்ல நீங்க எத்தனை தடவை சொன்னீங்க, எனக்குத் தெரியாதா? நீங்க ஹெல்மெட்ட கழட்டுவீங்களா? யாருகிட்டக்கா சொல்றீங்க?" சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்க ரொம்ப ஒள்ளேவங்க அக்கா. ரொம்ப நல்லவங்க. விடுங்க. நான் செஞ்சது நான்தான் பாக்கணும்."

பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது சொல்லுங்கள், இதற்கு என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் நல்லவள் பட்டம்! அந்தச் சந்து முனையில் எனக்கு அழுகை வரவில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஆனால் நில்லுங்கள். என்னை நம்பாதீர்கள். நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

அவனை நம்பவைக்க என்னால் முடிந்திருக்கும். வேனுக்குள் நடந்தது ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். மருத்துவமனைத் தாளை எடுத்துப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாடிக்குத் திரும்பி ஏறி, தினாவின் முகத்துக்கு நேரே நின்று சொல்லியிருக்கலாம். இருபது படிதான். செய்யவில்லை. அவன் நம்பவில்லை என்றதும் என் உடம்பெல்லாம் லேசானது. எனக்கு நிம்மதியாக இருந்தது! சொல்லியும் ஆயிற்று, தப்பித்தும் ஆயிற்று... பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டதுகூட நினைவிருக்கிறது.

அடுத்த திங்களும் போனேன். அதற்கடுத்த திங்களும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பகல், கிளினிக்கில் இருந்தபோது புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மஞ்சுவின் அம்மா. என் எண்ணை அவன் போனிலிருந்து அவனுக்குத் தெரியாமல் எடுத்தாளாம். கன்னடத்தில்தான் பேசினாள். முன்பு நிச்சயமான பெண் வேறு எங்கும் கட்டிக்கொள்ளாமல் காத்திருந்தாளாம், அவளுக்கும் முப்பதாகிறது, வீட்டில் இனிப் பொறுக்க மாட்டார்கள், அவர்களே மறுபடி கேட்டனுப்பியிருக்கிறார்கள். மஞ்சு முடியாது என்கிறான். ஒருவன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு மணையில் உட்காருவேன் என்கிறானாம்.

"அது அவன் தப்பில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்களம்மா," என்று அழுதாள். "நான் சொன்னால் பெற்றவள் என்று தள்ளிவிடுகிறான். நீங்கள் பக்கத்திலேயே இருந்தவர். நீங்கள் சொன்னால் கேட்பான்."

"சொல்கிறேனம்மா," என்றேன்.

"சத்தியமாகவா?"

"சத்தியமாக."

பெண் வீட்டார் மாதக் கடைசி வரை பார்ப்பார்களாம். இன்று இருபத்தெட்டாம் தேதி, திங்கள். காலையில் ஸ்ரீராம்புரத்துக்குப் போய்வந்தேன். படியில் மஞ்சு தினாவை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினான். நான் கீழே சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாத்து மஞ்சு," என்றேன்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை.